குர்லாவில் வாங்கிய ஸ்பீக்கர் பெட்டி

இத்தனை நாளும் கிடாரை வீட்டு ரேடியோவில் சொருகியே வாசித்துவந்த தனசீலன், ஒருவழியாக மும்பை குர்லாவில் ஒரு கடையில் வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டான். அதற்கேற்ற ஸ்பீக்கர் பெட்டிதான் பாக்கி.

"தூக்கிப் பாருங்க," என்றாள் மனைவி சகாயராணி.

முதல் பெட்டியை ஒற்றைக் கையால் தூக்கினான். தாராவியில் அவர்கள் இருப்பது ஏணி போட்டு ஏறும் மாடி அறை. தன் முதுகுக்காகக் கவலைப்படுகிறாள் என்று நினைத்து உருகிப்போனான்.

"இது வேண்டாம். வேற காட்டுங்க, அண்ணாச்சி."

அடுத்ததை இரண்டு கையாலும் தூக்கினான். அதுவும் வேண்டாமாம். மூன்றாவதைக் கடைக்காரர் செல்லத்துரையும் சேர்ந்து பிடித்தார். பெட்டி தரையை விட்டு எழும்பவில்லை.

சகாயராணியின் முகம் மலர்ந்தது. "இதையே குடுத்துருங்க."

"ஏட்டி, இத நம்ம ஏணியில எப்படி ஏத்துறது?"

"ஏத்த முடியாதுல்லா? மாதா கோயில் ஹால்ல கெடக்கட்டும். சாமியார்கிட்ட கேட்டுட்டேன். அங்க போயி வாசிங்க."

ஹாலில் முழுச் சத்தம் வைக்கலாமே என்று தனசீலனுக்கும் இனித்தது.

"சத்தம் எப்படின்னு கேட்டுப் பாக்கலியே, தாயி?" என்றார் செல்லத்துரை.

"அத இனிமே மாதா கேட்டுக்கிடட்டும், அண்ணாச்சி. நாங்க தூங்கணும்."