இருக்கிறதிலேயே மெதுவானது

"இருக்கிறதிலேயே மெதுவானது எதுங்க?"

கடைக்காரர் காதைத் தேய்த்துக்கொண்டார். பாட்டுக் கேட்கும் குட்டி ப்ளேயர்களை விற்க ஆரம்பித்ததிலிருந்து ஒருவரும் கேட்காத கேள்வி.

"மெதுவானதாம்மா?"

"ஆமாம். என் மாமனாருக்கு."

பக்கத்தில் நின்ற கணவன் பல்லைக் கடித்தான். "எங்கப்பாவுக்குன்னா மட்டும் இவளுக்கு இப்படி ஒரு தாராள மனசு வந்துடும். நீங்க நல்லதா, வேகமானதா எடுங்க சார்."

கடைக்காரர் கண்ணாடி மேஜையில் இரண்டை வைத்தார். ஒன்று பச்சை, ஒன்று கறுப்பு.

"பச்சை மலிவு. உள்ளே இருக்கிற சிப்பும் மட்டம், மெமரியும் மட்டம். கார்டுல பாட்டு ஏற ஏற இதுக்கு மூச்சு வாங்கும். பட்டனை அமுக்கினா யோசிச்சு யோசிச்சுத்தான் அடுத்த பாட்டுக்குப் போகும். கறுப்பு அப்படியில்ல. நல்ல சிப்பு. தொட்டாலே மாறிடும்."

"கறுப்பே குடுங்க," என்றான் கணவன். "அப்பா கடைகளுக்கு போர்டு எழுதினவர் சார். ஸ்கேல் இல்லாமலே கோடு போடுவார், நூல் பிடிச்ச மாதிரி இருக்கும். வீட்டோட இருக்க ஆரம்பிச்சதும் பொறுமையே போயிடுச்சு. என் போன்ல பாட்டு வெச்சுக் குடுத்தா ஒண்ணையும் முழுசாக் கேட்கிறதில்ல. தாவித் தாவிப் போயிட்டே இருக்கார். அவர்கிட்ட இந்த ஆமையைக் குடுத்தா தூக்கி எறிஞ்சுடுவார்!"

அவள் கறுப்பை எடுத்தாள். பட்டனை மரங்கொத்தி மாதிரி டொக் டொக் டொக்கென்று குத்தினாள். மூன்று பாட்டு பறந்தது.

"அம்மா, பார்த்து! ஒரு தடவை அமுக்கினாப் போதும்!" கடைக்காரர் பதறினார்.

பச்சையை எடுத்து அதே குத்து. அது திருதிருவென்று முழித்தது. திரையில் ஒரு வட்டம் சுற்றியது. பிறகு சாவகாசமாக ஒரே ஒரு பாட்டு தள்ளிப் போனது.

"மிச்சக் குத்தெல்லாம் எங்கே போச்சு?"

"அது யோசிச்சுக்கிட்டு இருக்கும்போது எதை அமுக்கினாலும் கண்டுக்காதும்மா. அதோட கோளாறே அதான்."

"இதையே குடுங்க."

கடைக்காரர் கணவனை அனுதாபத்தோடு பார்த்தார். இவனுக்கு அது போதாதா? வீடு வந்து சேரும்வரை வாய் ஓயவில்லை.

"கஞ்சம்! உங்கப்பாவுக்கா இருந்தா கறுப்பு வாங்கியிருப்பே!"

"இருக்கலாம்," என்றாள் அவள். அவனுக்கு இன்னும் எரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான். அவள் மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து, பச்சை ப்ளேயரை அவர் கையில் வைத்தாள்.

"அமுக்குங்க மாமா."

அவர் குளியலறைக் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். கட்டைவிரலைப் பட்டனில் வைத்ததுமே அது வெடவெடவென்று நடுங்கியது.

டொக் டொக் டொக்.

பச்சை யோசித்தது. ஒரே ஒரு பாட்டு தள்ளி, அவர் கேட்க நினைத்த பாட்டிலேயே வந்து நின்றது.

முழுப் பாட்டையும் கேட்டார். முடிந்தபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"இந்தக் கையைப் பத்தித்தான் அவன் போற இடமெல்லாம் பெருமை பேசறான். இது நடுங்குதுன்னு தெரிஞ்சா தாங்க மாட்டாம்மா," என்றார் மெல்ல. "கடையில ஏதாவது கண்டுபிடிச்சுட்டானா?"

"அவரா! என் கஞ்சத்தனத்தைக் கண்டுபிடிச்ச சந்தோஷத்துல இருக்கார் மாமா. நீங்களா சொல்ற வரைக்கும் அந்தச் சந்தோஷம் அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."