வாயைத் திறக்கக் கூடாது

“இன்னும் இறுக்கிக் கட்டு, யாஸ்னா. வெளிச்சம் துளிகூடத் தெரியக் கூடாது.”

யாஸ்னா தன் கம்பளித் துண்டால் புருஷன் வெலிமிரின் கண்ணைச் சுற்றி இன்னொரு முடிச்சுப் போட்டாள். இத்தனை வருஷக் கல்யாணத்தில் அவன் அவளை முழுசாக நம்பியது இந்த ஒரு காரியத்துக்குத்தான்.

அலமாரியில் இரண்டு பெட்டிகள் இருந்தன. கம்ப்யூட்டரில் வெறும் எண்களாகக் கிடக்கிற பாட்டைக் காதுக்கான ஒலியாக மாற்றித் தருகிற பெட்டிகள். ஒன்றில் பழைய ரேடியோவில் இருப்பது போல வால்வுகள் சிவந்து எரிந்தன. மற்றதில் அப்படி எதுவும் இல்லை. கேட்டுப் பார்க்க என்று நீஷ் நகரத்துக் கடைக்காரர் இரண்டையும் கொடுத்தனுப்பியிருந்தார். கடை மூடுவதற்குள் ஒன்றைத் திருப்பித் தந்தாக வேண்டும்.

“சட்டம் ஞாபகம் இருக்குல்ல?” என்றான் வெலிமிர். “எனக்குப் பின்னால நின்னு உன் இஷ்டத்துக்கு மாத்து. நான் ஒன்னு, ரெண்டுன்னு சொல்லிட்டே வருவேன். ரெண்டுன்னா வால்வு. நீ மட்டும் வாயே தெறக்கக் கூடாது. மூச்சு விடறதுலயே காட்டிக் கொடுத்துடுவ நீ.”

“அதுக்கு முன்னாடி நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. வெளிநாட்டுல, லுப்லியானால கெடச்ச ஆஸ்பத்திரி வேலைக்கு இன்னிக்குள்ள முடிவு சொல்லணும். நீ போகாதேன்னா நான் போகல, வெல்யா. ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.”

அவள் குரலில் சூடே இல்லை. முதலில் அழுதாள், பிறகு சண்டை போட்டாள். இப்போது ரயில் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிற மாதிரி கேட்டாள். வெலிமிருக்கும் உள்ளே எதுவும் அசையவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி மனசு மரத்துக் கிடந்தது. போ என்றும் வரவில்லை, போகாதே என்றும் வரவில்லை.

“இது முடியட்டும். அப்புறமா நிதானமா பேசுவோம்.”

“அப்புறமா?”

“ஆமா, அப்புறந்தான். பாட்டைப் போடு.”

அக்கார்டியன் இழுத்தது, ஒரு பெண் பாட ஆரம்பித்தாள். முடிந்தால் மறுபடி முதலிலிருந்து ஓடும். பெட்டிகளை மாற்றுகிற ஸ்விட்சை வெலிமிர் தன் கையாலேயே செய்திருந்தான். தட்டினால் ‘டிக்’ என்றுகூடக் கேட்காது.

“ஒன்னு,” என்றான். சற்றுக் கழித்து, “இன்னும் ஒன்னுதான். யாரை ஏமாத்தப் பாக்கற?” என்று சிரித்தான். பின்னால் சத்தமே இல்லை. சட்டத்தை மதிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

இரண்டாம் முறை பாட்டு ஓடும்போது கணுக்காலில் ஜில்லென்று காற்றுப் பட்டது. கதவு திறந்திருக்குமோ? அந்த வீட்டில் அதற்கு வழியே இல்லை. கதவும் ஜன்னலும் திறந்து குறுக்குக் காற்று அடித்தால் நோய் வரும் என்று ஊரே நடுங்கும். யாஸ்னா எல்லாரையும் மிஞ்சியவள். இடுப்பு பிடித்துக்கொள்ளும், காது அடைத்துக்கொள்ளும் என்று கொளுத்துகிற வெயிலிலும் பஸ் ஜன்னலைச் சாத்தச் சொல்லிச் சண்டை போடுவாள். ஆக, காற்று பாட்டிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

“ரெண்டு! வால்வு!” என்று கத்தினான். “கேட்டியா? காத்தோட்டமா இருக்கு பாரு! மேலயே வீசுது!”

அதோடு விடவில்லை. பாட்டின் அடியில் கடகடவென்று ஓர் உருளல் எழுந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி ஓய்ந்தது. ஆயிரம் தடவை கேட்ட பாட்டு. அதில் இப்படி ஓர் ஆழம் இருந்தது இன்றைக்குத்தான் தெரிந்தது. வெலிமிருக்குப் புல்லரித்துவிட்டது.

அடுத்த முறை அந்த உருளல் வரவில்லை. “மாத்திட்ட! ஒன்னு!” என்றான் உடனே. இவன் காதையா ஏமாற்ற முடியும்?

பாட்டு திரும்பத் திரும்ப ஓடியது. ஒன்று என்றான், இரண்டு என்றான், மறுபடி இரண்டு என்றான். உட்கார்ந்து உட்கார்ந்து காலும் மரத்துப்போனது. பொறுமையாக நின்று மாற்றிக்கொண்டிருக்கிறாளே என்று நினைத்தபோது மனசில் எங்கோ ஓர் ஓரம் இளகியது.

“வால்வுதான். முடிவு பண்ணிட்டேன்,” என்றான். கட்டை அவிழ்க்கத் தோன்றவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சொல்வது சுலபமாக இருந்தது. “இன்னொன்னும் சொல்லிடறேன், யாஸ்னா. போகாதே. நீ போனா என்னால முடியாது. இரு, இப்பப் பதில் சொல்லாத. கடைசியா ஒரே ஒரு தடவை கேட்டுடறேன், அப்புறம் பேசு.”

பாட்டு மறுபடி தொடங்கியது. படியில் தடதடவென்று யாரோ ஏறி வந்தார்கள். கீழ்த்தளத்தில் குடியிருக்கும் யாஸ்னாவின் தம்பி நெபோய்ஷாதான்.

“என்ன மச்சான், கண்ணைக் கட்டிக்கிட்டு? கதவு வேற ஆன்னு தெறந்து கெடக்கு?”

“உஷ்! பேசாத மாப்ள. சோதனை நடக்குது. எல்லாத்தையும் கரெக்டா சொல்லிட்டேன், ஒன்னுகூடத் தப்பல. வேணும்னா பின்னால நிக்கறாளே உங்க அக்கா, அவளையே கேளு.”

நெபோய்ஷா அலமாரிப் பக்கம் போனான். பிறகு பாட்டை நிறுத்தினான்.

“அக்காவையும் அவ உருட்டிட்டு வந்த சூட்கேஸையும் லுப்லியானா பஸ்ஸுல ஏத்தி விட்டுட்டுத்தான் வரேன், மச்சான்.”