காதில் விழாத வசனம்

“‘வசனம் காதில் விழவில்லை.’ இது நாற்பத்தோராவது அட்டை. இன்னும் படிக்கட்டுமா, தாயே?”

தயாரிப்பாளர் லிண்டாவர் சுருட்டைக் கடித்தபடி வெர்னாவிடம் கேட்டார்.

ஹாலிவுட்டில் அவள் வசனம் எழுதிய முதல் படம் அது. வெளியிடுவதற்கு முன், நேற்று மாலை பக்கத்து ஊரான பொமோனாவில் ஒரு தியேட்டரில் ஜனங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அவள் போகவில்லை. தான் எழுதியதை மற்றவர்கள் கேட்கும்போது பக்கத்தில் இருக்க அவளுக்கு என்றுமே தைரியம் வந்ததில்லை. லிண்டாவரும் போகமாட்டார். படம் பார்த்தவர்கள் எழுதி, மறுநாள் வந்து சேரும் கருத்து அட்டைகளில் ‘பிடிக்காதது என்ன?’ என்ற கட்டத்தை மட்டும் படிப்பார். பாராட்டையெல்லாம் நம்ம ஆட்களே எழுதிப் போடுவார்கள் என்பது அவர் கட்சி.

“அன்னைக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டேன். விவாகரத்து ஆன ரெண்டு பேரு, படம் பூரா ரயில் வேகத்துல சண்டை போடறாங்க. ஒரு தடவையாவது ‘உன்னைக் காதலிக்கிறேன்’னு சொல்றாங்களா?”

“சொல்லிட்டா அப்புறம் பேச என்ன சார் இருக்கு?”

“இந்த வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. வேற ஆளை வச்சு எழுதி, மெதுவாப் பேச வச்சு மறுபடி எடுக்கறேன். உன் ஒப்பந்தம் வெள்ளிக்கிழமையோட முடியுது, இல்ல?”

வெர்னா நாற்காலியை அவர் மேஜைக்கு அருகே இழுத்துப் போட்டாள்.

“முடியுது. ஆனா அவங்களை மெதுவாப் பேச வைக்காதீங்க சார். அவங்க வேகமாப் பேசறதே பயத்துலதான். கொஞ்சம் நிறுத்தினாலும் இன்னும் ஆசை இருக்குன்னு எதிராளிக்குத் தெரிஞ்சு போயிடும்.”

லிண்டாவர் சுருட்டைக் கையில் எடுத்தார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா அது ஜனங்க காதுல விழணுமே.”

கதவைத் தட்டிவிட்டு ஒலிப்பதிவாளர் ஹாஸ்கல் உள்ளே வந்தார். நேற்று தியேட்டருக்குப் போனவர் அவர்தான்.

“வாய்யா. கோளாறு உன் மெஷின்லயா, இவ எழுத்துலயா? ஒருத்தருக்கும் வசனம் கேக்கலையாம்.”

“மெஷின் சுத்தமா இருந்தது சார். ஆனா உள்ளே நின்ன எனக்கே பாதி கேக்கல” என்றார் ஹாஸ்கல், கரகரத்த குரலில். “ஜனங்க சிரிச்சு முடிக்கறதுக்குள்ள அடுத்த வசனம் வந்துட்டா எப்படி சார் கேக்கும்?”