வால் தூக்கிகளின் தீவு

வாலைத் தூக்கிக் கும்பிட்டதற்காகச் சொந்த ஊரில் உதைபட்ட பல்லிக் கூட்டமொன்று, கொட்டாங்குச்சிகளில் ஏறி ஒரு தீவுக்கு வந்து குடியேறியது. "இனிமே அவரவர் இஷ்டப்படி சாமி கும்பிடலாம்!" என்று தலைவர் சடையப்பப் பல்லி முழங்கியதும் எல்லாரும் வாலைத் தூக்கினார்கள். சடையப்பருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

மறுநாள் இன்னொரு கொட்டாங்குச்சியில் ஒரு தவளை வந்து இறங்கியது.

"எங்க ஊர்லயும் உதைதாங்க. நான் கண்ணை மூடிக் கும்பிடுற ஆளு."

"தாராளமா கும்பிடு. வாலை மட்டும் தூக்கிக்கோ."

"எனக்கு வாலே இல்லீங்களே!"

"வாலில்லாம என்னடா பக்தி? பிடிங்கடா இந்தப் பாவியை!" என்று சடையப்பரே முதல் ஆளாகப் பாய்ந்தார். தவளை பயந்துபோய்க் கத்திய கத்தலில் அவருடைய வால் பொசுக்கென்று கழன்று விழுந்து, தனியாகத் துள்ளியது.

எல்லாக் கண்ணும் அவருடைய பின்பக்கத்தில்தான். "பிடிங்கடா..." என்று எவனோ மெல்ல ஆரம்பித்தான்.

சடையப்பர் ஒரே பாய்ச்சலில், அதற்குள் தவளை தப்பி ஏறியிருந்த கொட்டாங்குச்சிக்குள் விழுந்தார். "துடுப்பைப் போடு தம்பி! வேற தீவு பார்ப்போம். அங்கே அவரவர் இஷ்டப்படி கும்பிடலாம்."

கரை மறைந்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஆனா, வால் வச்சவனை மட்டும் உள்ளே விடக்கூடாது. எனக்கு முளைக்கிற வரைக்கும்."