மெகன் ஸ்காட்டுக்கு வியாழக்கிழமை

"பேரு என்னன்னு கேட்டா?"

"மெகன் ஸ்காட்." ரெனிட்டா ஒப்பித்தாள். "வேணாம்க்கா. இந்தக் கறுப்பு மூஞ்சியப் பாத்ததும் தெரிஞ்சிடாதா?"

"தெரியட்டும். அதுக்குள்ள வாசலத் தாண்டியிருப்போம்ல?"

அமெரிக்காவின் மெம்பிஸ் நகர பஸ்ஸில் தங்கையின் கையை வெர்னெட் தன் மடியில் அழுத்திக்கொண்டாள்.

பிரசவத்திலிருந்தே ரெனிட்டாவுக்குத் தூக்கமில்லை. பிள்ளையைக் குளிப்பாட்டக் குழாயைத் திறந்தால், தன் கையே அதைத் தண்ணீரில் அமுக்கிவிடுமோ என்று உடனே மூடிவிடுவாள். சர்ச்சில், ஜெபம் பண்ணு என்றார்கள். வேறு எங்காவது சொன்னால் சர்க்கார் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்ளுமோ என்று பயம்.

இந்த மனநல டாக்டருக்குத் தன் கறுப்பினப் பேச்சிலேயே அவள் போன் செய்தாள். "மன்னிக்கவும், புதியவர்களை எடுப்பதில்லை" என்றது ஒரு தேன் குரல்.

மறுநாள் வெர்னெட் மூக்கால் பேசி, வெள்ளைக்காரி மெகன் ஸ்காட் ஆனாள். "வியாழன் காலை உங்களுக்கு வசதிப்படுமா, மேடம்?" என்று குழைந்தது அதே தேன் குரல்.

"அந்தப் போன் வெள்ளச்சி துரத்தினா நான் சண்ட போட மாட்டேன்டி. சத்தியமா" என்றாள் வெர்னெட்.

"நீயா?" ரெனிட்டாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "துரத்திட்டா நான் வீட்டுக்கு வரலக்கா. பிள்ளைய நீயே வச்சுக்கோ."

பஸ் நின்றதும் வெர்னெட் அவளை இழுத்துக்கொண்டு இறங்கினாள்.

வரவேற்பறையில், மூடிய பால்கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் தேன் குரல் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது: "மன்னிக்கவும், புதியவர்களை எடுப்பதில்லை…"

ரெனிட்டா திரும்பி ஓடப் பார்த்தாள். வெர்னெட் அவள் தோளைப் பிடித்து நிறுத்திக் கண்ணாடியைத் தட்டினாள்.

"மெகன்… ஸ்காட்" என்றாள் ரெனிட்டா.

கண்ணாடி விலகியது. போனைக் காதில் வைத்தபடி, இறுக்கிப் பின்னிய சடைகளோடு, அவர்களைவிடக் கறுப்பாக ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். "ஒரு நிமிடம், மேடம்" என்று தேன் குரலில் சொல்லிவிட்டுப் போனைப் பொத்திக்கொண்டாள்.

"உன் நிஜப் பேரச் சொல்லுடி தங்கம், மாத்தி எழுதிக்கறேன். உள்ள போயிட்டா டாக்டரால துரத்த முடியாது" என்று கிசுகிசுத்தவள் வெர்னெட் பக்கம் திரும்பினாள். "நீதானே போன்ல பேசினது? இன்னும் பழகணும்டி. இந்த வேலைக்காக நான் வெள்ளச்சி மாதிரிப் பேசக் கத்துக்கவே ரெண்டு வருஷமாச்சு."