உள்ளறையிலிருந்து வாழ்த்து

குண்டுப் பையன் காலுறையைக் கழற்றி எல்லோர் மூக்குக்கும் நேராக ஆட்டிக் காட்டினான். அதுதான் அவனுடைய புதுசு.

டீச்சர் மூக்கைப் பிடித்துக்கொண்டே கை தட்ட முயன்றாள். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

அன்றைக்கு டீச்சரின் ஊர்ப் பண்டிகை. எங்கள் ஊரில் இந்த நாளில் எல்லோரும் புதுசு உடுத்துவோம் என்று அவள் பல நாளாகச் சொல்லிச் சொல்லி, மழலையர் வகுப்பு முழுக்க ஆளுக்கொரு புதுசோடு வந்திருந்தது. முன்பல் விழுந்த சிறுமி மட்டும் வாயைத் திறந்து, ஈறில் லேசாக முளைவிட்டிருந்த பல்லைக் காட்டினாள். அதையும் டீச்சர் ஒப்புக்கொண்டாள்.

பிறகு ஊரிலிருந்த வீட்டுக்கு வீடியோ கால் போட்டு, படத்தைச் சுவரிலிருந்த பெரிய திரைக்கு மாற்றினாள்.

அங்கே பொழுது சாய்ந்துவிட்டிருந்தது. கூடத்தில் அம்மா, தம்பி, தம்பியின் சின்ன மகள். அப்பா இல்லை. கண் ஆபரேஷனுக்குப் பிறகு போன் வெளிச்சமே அவருக்கு ஆகாது என்று பல மாதமாக உள்ளறையிலேயே படுக்கை. அவ்வப்போது குரலை மட்டும் பதிந்து அனுப்புவார். இன்றைக்காவது அவர் நேரடியாக இரண்டு வார்த்தை பேசிக் கேட்டுவிட வேண்டும் என்று அவளுக்கு மனது கிடந்து அடித்துக்கொண்டது.

"அப்பாவ எழுப்புடா. உள்ளேருந்தே பேசட்டும், போதும்."

தம்பி எழுந்து உள்ளே போனான். திரைச்சீலை அசைந்து நின்றது.

"புள்ளைங்களா, எல்லாரும் நல்லா இருக்கணும்..." ஒரு இருமல். "...டீச்சரைப் படுத்தாதீங்க!"

அப்பா குரலேதான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. போன வருஷமும் இதையேதான் சொன்னார். அவருக்கு எப்போதும் ஒரே பாட்டு.

பிள்ளைகளுக்குத் தமிழ் ஒரு எழுத்துகூடத் தெரியாது, அவள் வீட்டாருக்கு இந்த நாட்டு மொழி தெரியாது. இரண்டு பக்கத்துக்கும் அவள்தான் வாய். ஆனால் இருமலுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று பிள்ளைகள் கூத்தடித்தார்கள்.

தம்பி மறுபடி உள்ளே போனான். மறுபடி அதே வாழ்த்து, அதே இழுப்பு, அதே இடத்தில் அதே இருமல்.

குண்டுப் பையன் கெட்டிக்காரன். குரல் இருமுவதற்குச் சற்று முன்னாலேயே அவன் இருமிவிட்டான்.

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரின் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது. ஒரு மனிதன் இரண்டு தடவை ஒரே மாதிரி பேசலாம். ஒரே மாதிரி இருமுவானா?

அப்போது முன்பல் விழுந்தவள் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். வட்டமாக உட்கார்ந்தவர்களில் யாரையும் கேட்காமல் விட்டுவிடக் கூடாது என்பது அந்த வகுப்பின் சட்டம். அவள் திரையிலிருந்த அம்மாவைக் காட்டிக் கேட்டாள். பிறகு தம்பியை. பிறகு அம்மா மடியில் சுருண்டிருந்த குட்டியை.

"இவங்ககிட்ட புதுசு என்ன டீச்சர்?"

டீச்சர் பார்த்தாள். அம்மா கட்டியிருந்தது துவைத்துத் துவைத்து வெளுத்த புடவை. தம்பி, முழங்கை கிழிந்த பழைய சட்டையில். குழந்தை உடம்பிலும் பழைய கவுன்தான், பித்தான் ஒன்று இல்லாமல்.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டியாவது பண்டிகைக்குக் குழந்தைக்குத் துணி எடுத்துவிடும் வீடு அது. துக்க வருஷத்தில் மட்டும்தான் அங்கே எடுக்க மாட்டார்கள்.

அவளுக்கு ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது. சின்னச் சின்ன நாற்காலிகளுக்கு நடுவே நின்றுகொண்டு எப்படிக் கத்துவது?

வருஷ நடுவில் விட்டுப் போனால் வேலை போய்விடும், திரும்பி வர விசாவும் கிடைக்காது. அவளிடம் சொல்லக் கூடாது என்று அப்பாவே கட்டளை போட்டுவிட்டுப் போயிருப்பார். அவர் அப்படிப்பட்ட ஆள்தான். அவர் போய் எத்தனை மாதம் ஆகியிருக்கும்? எந்தக் குரல் உயிரோடு இருந்தபோது வந்தது, எது அதற்குப் பிறகு வந்தது? எல்லாவற்றுக்கும் அவள் சிரித்துச் சிரித்துப் பதில் அனுப்பியிருந்தாள்.

"அந்தப் பொண்ணு என்னம்மா கேக்குது?" என்றாள் அம்மா. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

டீச்சர் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"நீ ரொம்ப அழகா இருக்கியாம்மா."

அம்மா சிரிக்கவில்லை. திரையில் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்றவளிடம் முகத்தை மறைக்க இன்றுவரை டீச்சருக்கு வந்ததில்லை. அம்மாவின் உதடு ஒருமுறை துடித்து அடங்கியது.

உள்ளறை வாசலில் இன்னொரு போனைக் கையில் வைத்துக்கொண்டு தம்பி தலை குனிந்து நின்றான்.

"அம்மா, அப்பாவ இன்னொரு தடவை பேசச் சொல்லேன்."

அம்மா கண்ணைத் துடைக்கவில்லை. உள்ளறைப் பக்கம் தலையைத் திருப்பி, தினமும் சாப்பிடக் கூப்பிட்ட அதே அலுத்த குரலில் கூப்பிட்டாள்.

"என்னங்க... உங்க பொண்ணு கூப்பிடுறா பாருங்க."

திரைச்சீலை அசைந்தது. பிள்ளைகள் எல்லோரும் இருமுவதற்குத் தயாராகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள்.