நானூற்றுப் பன்னிரண்டாவது பெயர்

"அந்தப் பேரை மட்டும் எடுக்க விடமாட்டேன். நீ அடுத்த வீட்டைப் பாரும்மா."

மங்களாம்பிகை முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பாதி திரும்பி உட்கார்ந்தாள். போன வாரம் பட்டியல் சரிபார்க்க வந்த ஆபீஸ்காரர், தாழ்ந்த நிலைவாசலில் நெற்றியை இடித்துக்கொண்டு, வந்த வேலையை மறந்து திரும்பிப் போயிருந்தார். இன்றைக்கு இந்தப் பெண். குனிந்து உள்ளே வந்து கூடத்தில் உட்கார்ந்தவள் கிளம்புவதாக இல்லை.

பெயர் மேகலாவாம். குத்தாலம் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கிற இளைஞர் குழுவாம். அறுவடைத் தூசிக்கு முகத்தில் சுற்றிய துப்பட்டாவை இன்னும் அவிழ்க்கவில்லை.

"நானூத்திப் பன்னெண்டு, மதிவாணன். உங்க பையன் வீட்டை விட்டுப் போயி ஏழு வருஷம் ஆச்சுன்னு நீங்களே சொல்றீங்க. ஆள் இல்லாத பேருல வேற யாராவது ஓட்டுப் போட்டுட்டுப் போயிடுவாங்கம்மா."

"போட்டாங்களே."

மேகலா நிமிர்ந்தாள்.

போன தேர்தலன்று நடந்ததை மங்களாம்பிகை சொன்னாள். உச்சி வெயிலில் பக்கத்து வீட்டுப் பக்கிரி ஓடிவந்து, மதிவாணன் பேரில் ஓட்டு விழுந்துவிட்டது, பையன் வந்திருக்கிறான் போல என்றான். செருப்பைக்கூடத் தேடாமல் வரப்பு வழியாகப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். வரிசையில் நின்ற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். அப்புறம்தான் தெரிந்தது, எவனோ போட்ட கள்ள ஓட்டு.

"உங்களுக்குக் கோபம் வரலையாம்மா?"

"எதுக்குக் கோபம்? பள்ளிக்கூடம் போய்ச் சேர்ற வரைக்கும் என் புள்ள ஊர்ல இருந்தான். அந்தப் பேரையும் அடிச்சிட்டா எனக்கு அதுவும் இல்ல."

மேகலா பட்டியலில் அந்தப் பேரின் மேல் விரலை வைத்தாள். தாழ்ந்த குரலில் சொன்னாள். "உங்க பையன் ஓட்டுல சொல்லவேண்டியதை எவனோ ஒருத்தன் சொல்லிட்டுப் போயிருக்கான். ஒரு ஓட்டுக்காக ஏங்குறவங்களுக்குத்தாம்மா அந்த வலி தெரியும். ஊருக்கெல்லாம் பேர் சேக்குறேன், என் பேரு எந்தப் பட்டியல்லயும் இல்ல."

"ஏனாம்?"

"பாரத்துல சொந்தக்காரங்க பேரு கேக்குது. எழுத எனக்கு ஆள் இல்ல."

முறத்தில் புடைத்த அரிசி அப்படியே கிடந்தது. மங்களாம்பிகை அவளை வெகுநேரம் பார்த்தாள். அவள் வாயிலிருந்து எதையோ எதிர்பார்ப்பதுபோல் இருந்தது. மேகலா தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி, கொண்டா."

மங்களாம்பிகை பெயர் நீக்கும் பாரத்தில் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

"புதுசாச் சேக்குற பாரம் வச்சிருக்கியா?"

"யாருக்கும்மா?"

"உனக்குத்தான். என் முன்னாடியே எழுது."

மேகலா பெயரை எழுதினாள். பாலினம் என்ற இடத்தில் ஆண், பெண் கட்டங்களைத் தாண்டி மூன்றாவதில் டிக் அடித்தாள். அடுத்தது உறவினர் பெயர். பேனா அங்கே நின்றுவிட்டது.

"அம்மா பேரு மங்களாம்பிகைன்னு எழுது" என்றபடி அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "ஏழு வருஷம் கழிச்சு வந்தும் நிலையில முட்டிக்காம குனிஞ்சு வந்தியே, அப்பவே தெரியும்."